பீரங்கிச் சத்தம் கேட்கும் தொலைவில்

1943 ஆகஸ்ட் 3. சிசிலித் தீவில் ஒரு கூடார மருத்துவமனை. அமெரிக்க ஏழாம் படையின் தளபதி ஜார்ஜ் பாட்டன் காயக்காரர்களை நலம் விசாரித்துக்கொண்டே வருகிறார். உடம்பில் கட்டு எதுவும் இல்லாமல் ஒரு சிப்பாய் உட்கார்ந்திருக்கிறான். உனக்கு என்ன என்று கேட்கிறார். தன்னால் தாங்க முடியவில்லை என்கிறான். தளபதி அவனைத் திட்டி, கையுறையால் அறைந்து, கூடாரத்துக்கு வெளியே தள்ளுகிறார். மருத்துவர்கள் பின்னர் சோதித்தபோது அவனுக்கு மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இருந்தது தெரிந்தது. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று, இன்னொரு மருத்துவமனையில் அதே தளபதி இன்னொரு சிப்பாயையும் அறைந்தார். இந்த முறை கைத்துப்பாக்கியையும் உருவிவிட்டார். அந்தச் சிப்பாய் பீரங்கிப் படையைச் சேர்ந்தவன். நண்பன் காயம்பட்டதைப் பார்த்ததிலிருந்து உறக்கமில்லை, நடுக்கம் நிற்கவில்லை. தன்னைப் பின்னால் அனுப்ப வேண்டாம், தன் ஆட்களோடேயே இருந்துவிடுகிறேன் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிரிவின் மருத்துவ அதிகாரிதான் கட்டாயப்படுத்தி அனுப்பி வைத்தார்.

பாட்டனை அவருடைய மேலதிகாரி ஐசனோவர் கண்டித்தார், மன்னிப்புக் கேட்கவும் வைத்தார். அந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். அதைவிட என்னை உறுத்துவது வேறு ஒன்று. அந்த அறைகளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஏப்ரல் 26 அன்று, துனீசியாவில் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்க இரண்டாம் கோர் என்ற படைப்பிரிவின் தளபதி ஓமர் பிராட்லி ஓர் உத்தரவு போட்டிருந்தார். மனம் கலங்கி வரும் சிப்பாய்க்கு முதலில் எழுத வேண்டிய நோய்ப் பெயர் 'சோர்வு' மட்டுமே. அவனைத் தூர மருத்துவமனைக்கு அனுப்பாமல் ஏழு நாள் வரை போர்முனைக்கு அருகிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். இந்த உத்தரவுக்கு அடிப்படையான மருத்துவச் சோதனைகள் நடந்தது மார்ச் மாதத்தில். அப்போது அந்தக் கோரின் தளபதியாக இருந்தவர் பாட்டன். அவருடைய கண்ணெதிரே, அவர் படையிலேயே கண்டறியப்பட்ட உண்மை அவரை எட்டவே இல்லை.

போர்க்கள மன அழுத்தத்தின் நூறாண்டு வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தெரிந்தது அடுத்த போருக்குள் மறந்துபோகும்.

முதல் உலகப்போரில் தொடங்குவோம். 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர் 'லான்செட்' இதழில் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். மூவருக்கும் அருகில் எறிகணை வெடித்திருந்தது. உடம்பில் பெரிய காயமில்லை. ஆனால் பார்வை குறுகிவிட்டது; மணமும் சுவையும் மங்கின; நினைவு தவறியது. அந்தக் கட்டுரையின் வழியாக 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ அகராதிக்குள் நுழைந்தது. எறிகணையின் அதிர்வு மூளையை நுண்மையாகச் சிதைக்கிறது என்று முதலில் பலர் நம்பினார்கள். ஆனால் எறிகணைக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அதே அறிகுறிகள் வந்தன. அந்தப் பெயரைப் பரப்பியதற்காக மையர்ஸே பிற்பாடு வருந்தினார்.

பெயர் செய்த கேடு பெரிது. பிரிட்டிஷ் ராணுவம் இந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. எறிகணை வெடித்ததால் வந்தது என்றால் அது போர்க்காயம். காயப்பட்டையும் ஓய்வூதியமும் உண்டு. வெடிப்பு ஏதுமின்றி வந்தது என்றால் வெறும் நோய். நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று கொண்டாடி, முதுகில் பட்டதை வெட்கமாக எண்ணிய மரபு நம்முடையது. மனத்தில் பட்ட புண்ணை உலகின் எல்லா ராணுவங்களும் நெடுங்காலம் முதுகுப்புண்ணாகவே கணக்கு வைத்தன. அந்தப் போரில் போர்முனையை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிற படைக்குற்றங்களுக்காகவும் சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ் பேரரசுப் படையினர் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகளோ, இனி யாரும் சோதித்துச் சொல்ல முடியாது.

1916இல் சோம் நதிக்கரைப் போர் நடந்த அரையாண்டில் மட்டும் பிரிட்டிஷ் படையில் இந்த வகை நோயாளிகள் 16 ஆயிரத்தைத் தாண்டினார்கள். அவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினால் திரும்பி வருவோர் மிகக் குறைவு. வீட்டுப் பக்கம் போனால் குணமாகிவிடும் என்று எண்ணியவர்களுக்கு இது புரியவில்லை. மையர்ஸுக்குப் புரிந்தது. தோழர்களைவிட்டுப் பிரிந்து, நோயாளி உடை உடுத்தி, வெள்ளைப் படுக்கையில் கிடக்கும் சிப்பாய்க்குத் தான் நிரந்தர நோயாளி என்ற எண்ணம் வேர்விடுகிறது. மற்றவர்கள் அங்கே சாக, தான் இங்கே கிடக்கிறோமே என்ற குற்றவுணர்வு சேர்கிறது. அந்தக் குற்றவுணர்வுக்கு விடை சொல்ல நோய் தேவைப்படுகிறது. ஆகவே கை நடுக்கம் நிற்பதில்லை, பேச்சு திரும்புவதில்லை. 1916 டிசம்பரை ஒட்டி மையர்ஸின் முயற்சியால் போர்முனைக்குப் பின்னால் நான்கு சிறப்பு மையங்கள் அமைக்கப்பட்டன. ஆபத்து எட்டாத தூரம். ஆனால் பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரம். பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் சற்று முன்பே செய்துபார்த்திருந்தார்கள். 1917இல் இங்கிலாந்துக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டறிந்துபோன அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் சால்மன், அமெரிக்கப் படைக்கு இதையே படிப்படியான அமைப்பாக வகுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு மனநல மருத்துவர், அதற்குப் பின்னால் சிறு மருத்துவமனை, அங்கும் தேறாதவர்களுக்குத் தொலைவில் ஒரு தள மருத்துவமனை.

இந்த முறையின் சாரம் மூன்று சொற்களில் அடங்கும்: அருகில், உடனே, நம்பிக்கையோடு. போர்முனைக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நாள் கடத்தாமல் பார்க்க வேண்டும். நீ நோயாளி இல்லை, களைத்துப்போயிருக்கிறாய், சில நாளில் உன் ஆட்களிடம் திரும்பிவிடுவாய் என்ற எதிர்பார்ப்பைச் சொல்லிலும் செயலிலும் காட்ட வேண்டும். சிகிச்சை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தூக்கம், சூடான சாப்பாடு, குளியல், சுத்தமான துணி, காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள், பிறகு சிறுசிறு வேலைகள்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடைப்பட்ட டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு மானுடவியல் குழு போயிற்று. அதில் மையர்ஸ் இருந்தார். வில்லியம் மெக்டூகல் இருந்தார். இலங்கை வேடர்களைப் பற்றிப் பின்னாளில் நூல் எழுதிய செலிக்மன் இருந்தார். டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் இருந்தார். இந்த ரிவர்ஸ்தான் 1901–02இல் நீலகிரிக்கு வந்து தோதவர்களிடையே தங்கி, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர். எருமைப் பால்மனைச் சடங்குகளையும் உறவுமுறைகளையும் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதிய மனிதர். நால்வருமே போரில் மனமுடைந்த சிப்பாய்களுக்கு மருத்துவம் பார்க்க வந்துசேர்ந்தார்கள். அந்நியர் வாழ்க்கையைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுப் பழகிய காது, தன் நாட்டுச் சிப்பாயின் பேச்சையும் அப்படியே கேட்டிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

ரிவர்ஸ் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். அன்றைய பொதுவான அறிவுரை, நடந்ததை மறந்துவிடு, நல்லதை நினை என்பது. ரிவர்ஸ் அதற்கு மாறாகச் சொன்னார். பகலெல்லாம் அமுக்கிவைத்த நினைவு இரவில் கனவாக எழுகிறது. அதைப் பகலில் எடுத்துப் பார்த்துப் பழகு, ஆனால் அதிலேயே மூழ்கிவிடாதே. அவர் கவனித்த இன்னொன்று, தடுப்பு முறைகளைப் பற்றி யோசிப்பவர்கள் மறக்கக் கூடாதது. விமானம் ஓட்டுபவர்களைவிட, கயிற்றில் கட்டிய பலூனில் உயரே நின்று எதிரியை வேவு பார்த்தவர்களே அதிகம் உடைந்தார்கள். விமானி வளைந்து பறக்கலாம், தாக்கலாம், தப்பலாம். பலூன்காரருக்கு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆபத்தின் அளவைவிட, ஆபத்தின் முன் கையற்று நிற்பதே மனத்தை அரிக்கிறது. அகழியில் எறிகணை மழைக்கடியில் மணிக்கணக்காகக் குந்தியிருந்தவனின் நிலையும் அதுதான்.

போர் முடிந்தது. 1922இல் பிரிட்டனின் சவுத்பரோ குழு அறிக்கை கொடுத்தது. முன்னரங்கில் இருக்கும் காலம் குறுகியதாக இருக்கட்டும், ஓய்வும் விடுப்பும் தாராளமாக இருக்கட்டும் என்று அந்த அறிக்கை நல்ல பரிந்துரைகளைச் சொன்னது. மனக்கலக்கம் போர்க்களத்திலிருந்து கௌரவமாகத் தப்பும் வழி என்று எந்தச் சிப்பாயும் நினைத்துவிடக் கூடாது என்றும் சொன்னது. இரண்டாவதுதான் அதிகாரிகளின் நினைவில் தங்கியது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா வேறொரு நம்பிக்கையோடு இறங்கியது. உடையக்கூடியவர்களை ஆள்சேர்ப்பிலேயே வடிகட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது அது. மனநலக் காரணம் காட்டி 17 லட்சம் பேருக்கு மேல் நிராகரிக்கப்பட்டார்கள். அப்படியும் மனமுடைந்தவர்களின் விகிதம் முதல் போரைவிடக் கூடியது. வடிகட்டியால் ஓரளவு பயன் உண்டு. தீவிர மனநோய் உள்ளவரைப் போருக்கு அனுப்பாமல் தடுக்கலாம். ஆனால் இந்த நோய் ஆளுக்குள் மட்டும் இருப்பதில்லை. ஆளுக்கும் அவன் நிற்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது.

துனீசியாவில் 1943 பிப்ரவரியில் காசரீன் கணவாய்த் தோல்வி. மனம் கலங்கியவர்களை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி அல்ஜீரியாவின் தள மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். பத்தில் ஒருவர்கூடப் போர்முனைக்குத் திரும்பவில்லை. சால்மனின் பாடம் கால் நூற்றாண்டில் தொலைந்துபோயிருந்தது. ஃபிரெடெரிக் ஹான்சன் என்ற நரம்பியல் மருத்துவர் அதை மறுபடி கண்டெடுத்தார். முன்னரங்குக்குப் பக்கத்திலேயே அவர்களைப் படுக்கவைத்து, தூக்க மருந்து கொடுத்து, சாப்பிடவும் வெளிக்குப் போகவும் மட்டும் எழுப்பினார். விழித்தபின் குளிக்கச் செய்து, சுடச்சுட உணவு கொடுத்து, பேசவைத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முப்பது மணி நேரத்துக்குள் பணிக்குத் திரும்பினார்கள். பிராட்லியின் ஏப்ரல் உத்தரவு இதன் விளைவுதான். 'சோர்வு' என்ற அந்தச் சொல்லைத் தேர்ந்ததில் பெரிய மனித அறிவு இருக்கிறது. சோர்வு யாருக்கும் வரும். சோர்வு தூங்கினால் போகும்.

ஆனால் எத்தனை முறை தூங்கினால் போகும்? ஜான் ஏப்பல், கில்பர்ட் பீபி என்ற இருவர் 1946இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேராக விடை சொன்னது. அமெரிக்கக் காலாட்படைச் சிப்பாய் ஒருவன் சராசரியாக 200 முதல் 240 போர் நாள்களில் பயனற்றுப்போகிறான். போருக்குப் பழகிப்போவது என்று ஒன்று கிடையாது. குண்டுக்காயம் எப்படித் தவிர்க்க முடியாததோ, இதுவும் அப்படியே. பிரிட்டிஷ் சிப்பாயோ ஏறக்குறைய 400 நாள் தாங்கினான். அவன் மனம் இரும்பால் ஆனதில்லை. அவனைப் பன்னிரண்டு நாளுக்குள் முன்னரங்கிலிருந்து எடுத்து நான்கு நாள் ஓய்வு கொடுத்தார்கள். அமெரிக்கனை இருபது, முப்பது நாள் தொடர்ந்து நிறுத்தினார்கள். சில சமயம் எண்பது நாள்கூட. சர்ச்சிலின் மருத்துவராக இருந்த மோரன் பிரபு 1945இல் எழுதிய நூலில், துணிவை வங்கியில் போட்டிருக்கும் பணத்துக்கு ஒப்பிட்டார். எடுக்க எடுக்கக் குறையும், ஒருநாள் தீர்ந்துபோகும். முதல் உலகப்போரில் பட்டாலியன் மருத்துவராக அகழிகளில் இருந்து பார்த்தவர் சொன்னது அது.

இதற்கு உயிருள்ள சாட்சி 'பழைய சார்ஜென்ட் நோய்' என்று மருத்துவர்கள் பெயரிட்ட நிலை. பதக்கம் வாங்கியவன், பிரிவுக்கே முதுகெலும்பாக இருந்தவன், ஒருநாள் குழியைவிட்டு வெளியே வர மறுக்கிறான். அவனோடு சேர்ந்து வந்தவர்கள் எல்லாரும் செத்தோ காயம்பட்டோ போய்விட்டார்கள். அந்த இடங்களில் தனித்தனியாக அனுப்பப்பட்ட புதியவர்கள். அவர்களுடைய பெயர்களைத் தெரிந்துகொள்ளவும் அவன் விரும்பவில்லை. நாளை அவர்களும் இருக்க மாட்டார்கள். கோழையை வடிகட்டும் எந்தச் சல்லடையும் இவனைப் பிடித்திருக்காது.

வியட்நாமில் நாள் கணக்கு சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டது, உறவுக் கணக்கு விடுபட்டது. ஓராண்டுப் பணி, திரும்பும் தேதி முன்கூட்டியே தெரியும். போர்முனையில் மனமுடைந்தோர் விகிதம் குறைந்தே இருந்தது. வெற்றி என்றே முதலில் நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவனும் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினான். கப்பலில் வாரக்கணக்காகத் தோழர்களோடு பேசித் தீர்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்த முந்தைய தலைமுறைக்குக் கிடைத்த காலம் இவனுக்குக் கிடைக்கவில்லை. காட்டிலிருந்து கிளம்பிய இரண்டே நாளில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பாதிப்பு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1988இல் முடிந்த தேசிய ஆய்வு, அங்கே பணியாற்றிய ஆண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு ஆளானதாகக் கணக்கிட்டது. 2006இல் அதே தரவைக் கறாராக மறுபரிசீலனை செய்தவர்கள் 18.7 விழுக்காடு என்றார்கள். அந்தக் கோளாறுக்கு அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் இடம் கிடைத்ததே 1980இல்தான். முன்னாள் சிப்பாய்களும் அவர்களுக்குத் துணைநின்ற மருத்துவர்களும் போராடிப் பெற்ற இடம் அது.

போர்முனைச் சிகிச்சை சிப்பாய்க்கு உண்மையில் நல்லதா, ராணுவத்துக்கு மட்டும் நல்லதா? இது நேர்மையான ஐயம். முதல் உலகப்போரின் மருத்துவர்கள் கொடுத்த வெற்றிக் கணக்குகளை எட்கர் ஜோன்ஸும் சைமன் வெஸ்லியும் ஆராய்ந்து, அவை மிகைப்படுத்தப்பட்டவை, திரும்பியவர்களில் பலர் சண்டையில்லாத வேலைகளுக்கே போனார்கள் என்று காட்டினார்கள். மறுபுறம், 1982 லெபனான் போரில் மனமுடைந்த இஸ்ரேலியச் சிப்பாய்களைச் சகாவா சாலமன் குழுவினர் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முன்னரங்குக்கு அருகில் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் கோளாறும் தனிமையுணர்வும் குறைவாக இருந்தன. அருகில், உடனே, நம்பிக்கையோடு என்ற மூன்று விதிகளில் எத்தனை கடைப்பிடிக்கப்பட்டனவோ அந்த அளவுக்குப் பலனும் கூடியது. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை இல்லை என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் என் பார்வையில் தராசு அந்தப் பக்கமே சாய்கிறது. சிசிலியில் அறை வாங்கிய அந்தப் பீரங்கிப்படைச் சிப்பாய் கேட்டதும் அதைத்தான்: என் ஆட்களிடமிருந்து என்னைப் பிரிக்காதீர்கள்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 1980களிலிருந்து, கொடிய நிகழ்ச்சிக்குப் பின் எல்லாரையும் ஒரே அமர்வில் உட்காரவைத்து நடந்ததை உணர்ச்சியோடு விவரிக்கச் செய்யும் முறை உலகெங்கும் பரவியது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது கோளாறைத் தடுக்கவில்லை. சிலருக்குக் கேடும் செய்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஆறாத புண்ணைக் கூட்டத்தில் பிரிப்பதுபோல அது. பிரிட்டனின் ராயல் மரைன் படை அதனால் வேறு வழியில் போனது. அதே பிரிவில் உள்ள சாதாரண ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, சம்பவம் நடந்து மூன்று நாளில் ஒருமுறையும் ஒரு மாதத்தில் ஒருமுறையும் தோழனை அமைதியாக விசாரித்துப் பார்க்கச் சொன்னது. இஸ்ரேலியப் படை இன்னும் நெருங்கிப் போய், சண்டையின் நடுவில் உறைந்து நிற்பவனை மீட்க ஒரு நிமிடப் பயிற்சி வைத்திருக்கிறது. கண்ணைப் பார், தொடு, நான் இருக்கிறேன் என்று சொல். அவன் உணர்ச்சியைக் கேட்காதே. எத்தனை பேர் இருக்கிறோம் என்பதுபோல எளிய தகவலைக் கேள். என்ன நடந்தது, என்ன நடக்கிறது, அடுத்து என்ன என்று வரிசையாகச் சொல். கடைசியாக ஒரு சிறு வேலையைக் கொடு. ரிவர்ஸ் பலூன்காரர்களிடம் கண்ட கையறு நிலைக்கு இதுவே மருந்து.

இந்திய ராணுவத்தில் ஜோடிமுறை பழையது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு 'பட்டி' (buddy), அதாவது இணைத்தோழன் உண்டு. ஆனால் இங்கே அழுத்தம் எல்லைக்கோட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. படையினரின் தற்கொலைகளுக்குக் குடும்பப் பிரச்சினையும் சொத்துத் தகராறும் காரணங்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை கூறியிருக்கிறது. காஷ்மீரில் காவல் நிற்பவனுக்கு ஊரிலிருந்து பங்காளி வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று கைபேசியில் செய்தி வருகிறது. அங்கே நின்றுகொண்டு அவனால் செய்ய முடிவது எதுவுமில்லை. பட்டா விவகாரத்தை விரைந்து முடித்துக்கொடுக்கும் தாலுகா அலுவலகமும், கேட்ட நேரத்தில் லீவு கொடுக்கும் கம்பெனி கமாண்டரும் ஒரு மனநல மருத்துவருக்குச் சமம் என்று நான் சொன்னால் அது மிகை ஆகாது.

மருத்துவரிடம் போவதற்குத் தடை இன்னும் வெட்கம்தான். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குச் சென்ற அமெரிக்கப் படையினரிடம் சார்லஸ் ஹோக் குழுவினர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிந்தவர்களில் 23 முதல் 40 விழுக்காட்டினரே உதவி நாடியிருந்தார்கள். தன்னைப் பலவீனன் என்று நினைப்பார்கள் என அஞ்சியவர்கள் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே அதிகாரி தன் உறக்கமின்மையைத் தன் ஆட்களின் முன் ஒப்புக்கொள்வது எந்தச் சுவரொட்டியையும்விடப் பலன் தரும். ஆப்கானிஸ்தானிலிருந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் படைகளை வழியில் சைப்ரஸில் ஒன்றரை நாள் நிறுத்தி, கடலில் குளிக்கவும் சேர்ந்து உட்காரவும் விட்டார்கள். வியட்நாம்காரனுக்குக் கிடைக்காத கப்பல் பயணத்தின் சிறு துண்டு அது.

இவை எல்லாம் செய்தாலும் மீதி ஒன்று இருக்கும். வியட்நாம் முன்னாள் படையினரோடு பழகிய மருத்துவர் ஜொனாதன் ஷே 1994இல் எழுதிய நூலில், அச்சத்தைவிட ஆழமாகத் தைப்பது அறத்தில் படும் காயம் என்றார். செய்யக் கூடாததைச் செய்ததும், நம்பிய தலைமை ஏமாற்றியதும் தூக்கத்தால் தீர்வதில்லை. மருத்துவருக்கும் அப்படி ஒரு காயம் உண்டு: குணப்படுத்துவது மறுபடி சாவுக்கு அனுப்பத்தானே என்ற கேள்வி. கிரெய்க்லாக்கார்ட்டில் சிகிச்சை பெற்றுப் போர்முனைக்குத் திரும்பிய கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன், 1918 நவம்பர் 4 அன்று, போர் ஓய ஒரு வாரம் இருக்கையில் கொல்லப்பட்டார்.

ரிவர்ஸ் தன் நோயாளிகளிடம் ஒவ்வொரு கொடிய நினைவிலும் பற்றிக்கொள்ள ஏதாவது ஒரு நல்ல நூலிழையைத் தேடுவார். இறந்த நண்பன் வலியின்றிப் போனான் என்பதாவது. 1917 டிசம்பரில் மருத்துவர்கள் முன் பேசியபோது, அந்த இழை கிடைக்காத ஓர் இளம் அதிகாரியைப் பற்றிச் சொன்னார். வெடிப்பு தூக்கி எறிந்ததில் அழுகிய பிணம் ஒன்றின்மேல் முகம் பதிய விழுந்தவர். அந்தச் சுவையும் நாற்றமும் ஒவ்வோர் இரவும் திரும்பி வந்தன. அவரை எதிர்கொள்ளச் சொல்லவும் ரிவர்ஸுக்கு மனம் வரவில்லை. மறக்கச் சொல்லவும் முடியவில்லை. முன்பு நாட்டுப்புறத்தில் இருந்தபோது அவருக்குச் சற்றே ஆறுதல் கிடைத்திருந்ததை மட்டும் கவனித்து, அவரைப் படையிலிருந்து விடுவித்து அங்கேயே போகச் சொன்னார்.